தெற்குக் கதவு

சே. ம. சூ. (சேசு மரி சூசை)
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
2025 ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கச்சி யூஜினாவுக்கு,

அண்ணன் நோபேட் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் மகள் நிலூஷாவும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூட. அது என் குற்றம், மாதாவின் குற்றம் இல்லை. உன் முழங்கால் எப்படி? காது இன்னும் மோசம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மெஷின் போடச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கேட்ட சத்தம் போதும் என்கிறாய். போனில் கதைக்கவும் வழியில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் நாம் இரண்டு பேரும் தபால்காரனுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். "கொழும்பில முத்திரை வாங்குற கடைசி ஆள் நீங்கள்தான் அப்பா" என்று நிலூஷா சிரிக்கிறாள்.

ஒரு புது வேலை தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் கோயில் முதியோர் சங்கம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது. ஆளுக்கு ஒரு விஷயம். நாற்பது வருடம் கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தவன் என்று, கிழக்குக் கரையில் ஏறிய புயல்களின் வரலாற்றை எனக்குத் தந்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால் நானாகத்தான் கேட்டு வாங்கினேன். 1907, 1922, 1931, 1964 எல்லாம் எழுதி முடித்தாயிற்று. 1978க்கு வந்ததும் பேனை நகரவில்லை. நீ மட்டக்களப்பிலேயே இருப்பவள். எந்தக் கட்டடம் விழுந்தது, எத்தனை தென்னை முறிந்தது, வாவித் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ச் செய்தி எழுதி அனுப்பு. நம் வீட்டுக் கதை வேண்டாம். அது எனக்குத் தெரியும்.

மற்றது, மாரி தொடங்கமுன் நீ இங்கே வந்துவிடு. நிலூஷா முன் அறையை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பழைய வீட்டில் தனியே கிடந்து என்ன காவல் காக்கிறாய்?

உன் சுகத்துக்கு மன்றாடும்
அண்ணன் நோபேட்

---

தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
2025 ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நான் சுகம். முழங்கால் என் சொல் கேட்பதில்லை, நானும் அதன் சொல் கேட்பதில்லை. நிலூஷாக் குட்டிக்கு என் முத்தம். சீனிக்கு நீங்கள் மருந்து குடிக்கிறீர்களா, அல்லது மருந்தைப் பற்றி வரலாறு எழுதுகிறீர்களா?

கேட்ட ஊர்ச் செய்தி: புயலுக்கு மறுநாள் காலையில் எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. இரும்புக் கம்பங்கள் முறுக்கிப் பிழிந்த துணிபோலக் கிடந்தன. வாவித் தண்ணீர் நம் கிணற்றுக் கட்டைத் தாண்டி வந்தது. ஓடு இருந்த வீடுகளை விரல் மடக்கி எண்ணிவிடலாம். அதில் நம் வீடும் ஒன்று.

வீட்டுக் கதை வேண்டாம் என்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை, நம் தங்கச்சி றஞ்சிதம், அந்தப் புயலில் போனாள். உடலும் கிடைக்கவில்லை. அது ஊர்ச் செய்தி இல்லையா? சரி, விடுகிறேன்.

விட முடியாத ஒன்றைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். வாவிப் பக்கத்துத் தெற்குக் கதவை யாரோ தட்டுகிறார்கள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. எனக்குக் கோயில் மணி கேட்பதில்லை அண்ணா. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வெடி கொளுத்தியபோது புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. தட்டுவது கதவின் கீழ்ப் பாதியில். பெரிய ஆள் தட்டுகிற உயரம் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அன்று பொழுதுபட்ட நேரம் அம்மாவும் நானும் மேசைக்குக் கீழே இருந்தோம். நீங்கள் அந்தக் கதவில் சாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது வெளியிலிருந்து யாரும் தட்டிய சத்தம் உங்களுக்குக் கேட்டதா? ஓம், அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

அன்புடன்
தங்கை யூஜினா

---

சே. ம. சூ.
கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மருந்து குடிக்கிறேன், நிலூஷா எண்ணிப் பார்க்கிறாள்.

தென்னைக் கதை நன்றாக இருக்கிறது, அப்படியே சேர்த்துவிட்டேன். உன் காது விஷயத்தை எங்கள் டொக்டரிடம் கேட்டேன். காது மந்தமானவர்களுக்குக் காதுக்குள்ளேயே சத்தம் உண்டாகுமாம். சிலருக்கு விசில், சிலருக்கு மணி. உனக்குத் தட்டு. பயப்பட ஒன்றுமில்லை. அதோடு அந்தக் கதவு நம் தாத்தா காலத்து முதிரை மரப் பலகை. மழைக்காற்றுக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு மேசனைக் கூப்பிட்டு அந்த வாசலையே கல் வைத்துக் கட்டிவிடு.

1964 அத்தியாயத்தை நிலூஷா டைப் பண்ணிவிட்டாள். திருகோணமலையில் ஏறி, மன்னார்ப் பக்கமாக இறங்கி, அக்கரையில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலையே ஆட்களோடு கொண்டுபோன புயல் அது. அந்தக் காலத்தில் நம் கடலில் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமில்லை. 2004க்குப் பிறகுதான் பட்டியல் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். நான் எழுதுவதெல்லாம் பெயரில்லாத புயல்கள். தேதியை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரிய சோலி.

எப்போது வருகிறாய்? கோட்டை ஸ்டேஷனுக்கு நானே த்ரீவீலில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்பு அண்ணன்
நோபேட்

---

தாண்டவன்வெளி
2025 செப்டெம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்கக் காணிக்கை மாதாவிடம் மெழுகுதிரி வைத்தேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட சொல் அதில் இல்லை. மூன்று தரம் தேடினேன்.

காதுக்குள் சத்தம் என்றால் அது எல்லா நாளும் கேட்க வேண்டும். என் வரலாற்றையும் ஒரு முறை எழுதுகிறேன், உங்கள் புத்தகத்தில் போட வேண்டாம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், திருகோணமலையில் புயல் ஏறியது. அதற்கு முதல் மூன்று நாளும் தட்டியது. அப்போது என் காது நல்ல காது. அம்மாவும் உயிரோடு இருந்தார். சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய், பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவத் தொடங்கினார். கழுவிய பானைகளையே கழுவினார். 2004இல், அதே தேதியில், கடல் எழும்பி வந்தது. அன்று தட்டவே இல்லை. அது காற்றில்லையே. 2020இல் புரெவி வந்தபோது நான்கு நாள் தட்டியது. இந்த வருடம் ஆடியிலேயே தொடங்கிவிட்டது. இவ்வளவு முன்கூட்டி ஒருநாளும் வந்ததில்லை.

கல் வைத்துக் கட்டச் சொல்கிறீர்கள். எப்படி அண்ணா கை வந்தது அதை எழுத?

நான் கொழும்புக்கு வருவதா இல்லையா என்று கேட்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், மறுநாளே பெட்டி கட்டுகிறேன். பதில் தெரியாமல் இந்த வீட்டை விட்டு வர என்னால் முடியாது. ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

தங்கை யூஜினா

---

சே. ம. சூ.
கொட்டாஞ்சேனை
2025 ஒக்டோபர் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். சளித் தடிமன், பிறகு நிலூஷாவின் ஒபிஸ் மாற்றம். அவள் இப்போது நுகேகொடைக் கிளைக்குப் போகிறாள், விடிய ஆறு மணிக்கே பஸ். பொய் சொல்லக் கூடாது, தடிமன் மூன்று நாள்தான் இருந்தது.

1978ஐ எழுதிவிட்டேன். புயலின் கண் என்பதைப் பற்றி ஒரு பக்கம் விளக்கியிருக்கிறேன். நம் ஆட்கள் பலர் செத்தது அதனால்தான். முதலில் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்குப் பக்கக் கதவுகள் பத்திரம். பிறகு கண் வருகிறது. காற்று நின்று வானம் வெளிக்கிறது. புயல் போய்விட்டது என்று சனம் வெளியே இறங்குகிறது. அரை மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ கழித்து மற்றப் பாதி வருகிறது, இந்த முறை தெற்கிலிருந்து. பத்திரமாக இருந்த கதவுதான் இப்போது காற்றுக்கு முகம் கொடுக்கிறது. அதைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும். திறக்கக் கூடாது. திறந்த வீடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

நிலூஷா வாசித்துவிட்டு, "அப்பா, தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் செத்தது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதில ஒராளின்ர பேரும் இல்லையே" என்றாள்.

அதனால் ஒரு முடிவெடுத்தேன். நவம்பர் இரண்டாம் தேதி சகல ஆத்துமாக்கள் பூசைக்கு இங்கே மரித்தவர்களின் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். உடலைக் காணாமல் பெயர் கொடுக்க மாட்டேன் என்று அம்மா சாகும்வரை றஞ்சிதத்தின் பெயரைக் கொடுக்கவில்லை. இந்த வருடம் நான் கொடுக்கப்போகிறேன். ஒருவேளை அதற்குப் பிறகு உன் கதவும் அமைதியாகும்.

அன்பு அண்ணன்
நோபேட்

---

தாண்டவன்வெளி
2025 ஒக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். மழை.

திறக்கக் கூடாது என்று எழுதிய இடத்தில் பேனையை அழுத்தியிருக்கிறீர்கள். மறுபக்கத்தில் தடவினால் விரலில் தெரிகிறது.

பெயரைக் கொடுங்கள். கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

யூஜினா

---

சே. ம. சூ.
கொட்டாஞ்சேனை
2025 நவம்பர் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பட்டியலுக்கு ஒரு ஃபோம் தருவார்கள். இடப்பக்கம் மரித்தவர் பெயர், வலப்பக்கம் கொடுப்பவர் பெயர். நாற்பது வருடம் ஃபோம் நிரப்பிச் சாப்பிட்டவன் நான். கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல கையெழுத்தில் எழுதி, சங்கச் செயலாளர் சவுந்தரநாயகத்திடம் கொடுத்தேன்.

ஞாயிறு பூசையில் அவர் பட்டியலை வாசித்தார். நான் மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு றஞ்சிதத்தின் பெயருக்குக் காத்திருந்தேன். "நோபேட்" என்று வாசித்தார். தகப்பன் பெயரோடு, முழுப் பெயராக. "இவருடைய ஆத்துமம் நித்திய இளைப்பாற்றியில் இருக்கக் கடவது" என்று கோயில் முழுக்கச் சொன்னது. பழக்கத்தில் நானும் சொன்னேன் யூஜி. சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவுந்தரநாயகம் வாசிப்பை நிறுத்தி, தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, வெளிறிப்போனார்.

பூசை முடிந்ததும் ஃபோமைக் கொண்டுவந்து காட்டினார். அவர் பிழை இல்லை. என் கையெழுத்துத்தான். மரித்தவர்: நோபேட். கொடுப்பவர்: றஞ்சிதம், தங்கை. "என்ன ஐயா இது, விளையாட்டா?" என்றார். தடுமாறிவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கடைக்காரச் சிங்களத் தம்பி, "அங்கிள், சனீப த?" என்று சுகம் கேட்டான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அவள் பெயர் இந்த முறையும் வாசிக்கப்படவில்லை.

நோபேட்

---

தாண்டவன்வெளி
2025 நவம்பர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் சிரித்தேன். உயிரோடு இருந்து தன் இளைப்பாற்றிக்குத் தானே ஆமென் சொன்ன மனிதன் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். பிறகு கடிதத்தை மடித்து வைக்க முடியவில்லை.

நீங்கள் பிழையாக எழுதவில்லை அண்ணா. இங்கே அவள் உயிரோடு இருக்கிற மாதிரித்தான் தட்டுகிறாள். இப்போது ஒவ்வொரு நாளும். தபால்காரர் முன்வாசலில் கத்துவது எனக்குக் கேட்பதில்லை, அவர் ஜன்னலால் கையைக் காட்டுகிறார். தெற்குக் கதவில் மூன்று தட்டு மட்டும் நெஞ்சுக்குள் வந்து விழுகிறது. நேற்றுக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பலகை அதிர்ந்தது. காதுக்குள் இருக்கும் சத்தத்துக்குப் பலகை அதிருமா? உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

இன்னும் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது. யாரும் இருந்தாலும் பயம், யாரும் இல்லாவிட்டாலும் பயம்.

கடைசி முறை கேட்கிறேன். இனிக் கேட்க மாட்டேன். அன்று உங்களுக்குக் கேட்டதா?

தங்கை
யூஜினா

---

சே. ம. சூ.
கொட்டாஞ்சேனை
2025 நவம்பர் 26, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. தென்கிழக்கில் ஒரு தாழமுக்கம் கிடந்து சுற்றுகிறது. டிவியில் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புயலாகும் போலிருக்கிறது, நம் கரைப்பக்கம்தான் வருகிறது. நாளை வியாழன். அன்றும் வியாழன்தான். இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் போடப்போகிறேன். கிடைத்ததும் கன்னியர் மடத்துக்குப் போய்விடு. உனக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், மணி அடிக்கிறது, நீ எப்படிக் கேட்பாய்.

ஓம்.

ஓம் யூஜி, கேட்டது.

றஞ்சிதம் சொல்லாமல் ஓடிப்போனாள் என்று, அன்று வீட்டில் இல்லாத அப்பாவிடம் அம்மா சொன்னார், நானும் தலையாட்டினேன். அவள் ஓடவில்லை. காற்று நின்றதும் அம்மா முதலில் பார்த்தது திரு இருதயப் படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்திருந்ததைத்தான். ஆபத்து நீங்கியதும் வேறெதற்கும் முன் விளக்கேற்றித் தோத்திரம் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியும்தானே அவரை. நெருப்புப் பெட்டி நனைந்துபோயிருந்தது. "றஞ்சி, ஓடிப்போய்ப் பக்கத்து வீட்ட நெருப்புப் பெட்டி வாங்கிட்டு வா" என்று தெற்குக் கதவால் அனுப்பினார். நீ அப்போது நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தாய். எங்களில் யாருக்குப் புயலின் கண் என்றால் என்னவென்று தெரியும்?

பிறகு தெற்கிலிருந்து வந்தது. நான் பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றேன். அவள் பக்கத்து வீட்டிலேயே நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்போது தட்டினாள். என் இடுப்புக்கு நேரே தட்டினாள். பலகையால் என் முதுகெலும்பில் உணர்ந்தேன். "அண்ணா, நெருப்புப் பெட்டி கொண்டு வந்திட்டன். கதவத் திறங்க" என்றாள். அழவில்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்த பிள்ளையின் குரல் அது.

செபமாலையில் பத்து மணி உருட்டிச் சொல்லும் நேரம் தட்டினாள். நான் திறக்கவில்லை.

திறந்திருந்தால் கூரை போயிருக்கும், நாலு பேரும் செத்திருப்போம். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் நான் கூரையை நினைக்கவில்லை. பயந்தேன். பதினாறு வயசுப் பெடியன், அவ்வளவுதான். உங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காற்றில் ஒன்றும் கேட்டிருக்காது என்ற ஒரு ஆறுதலில்தான் இவ்வளவு காலமும் சீவித்தேன். நீ முதல் கடிதத்தில் கேட்டதும் அந்த ஆறுதலும் போய்விட்டது.

இனி நீ என்னை அண்ணா என்று கூப்பிடாவிட்டாலும் சரி. அந்த வீட்டை விட்டு மட்டும் வெளிக்கிடு.

நோபேட்

---

கொட்டாஞ்சேனை
2025 டிசம்பர் 3

யூஜினா,

உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. புயலுக்கு டித்வா என்று பெயர். அது ஊர் ஊராக மலையைச் சரித்து, ஆற்றைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறது. மட்டக்களப்புக்கு ரயில் இல்லை, பாதையும் பல இடத்தில் இல்லை. உன் போன் மணியும் அடிப்பதில்லை. நிலூஷா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் எடுத்துக் களைத்துவிட்டாள். களனி கங்கை பெருகி, இங்கே எங்கள் கோயில் மண்டபம் நிறையச் சனம். நான் அங்கே போய்ச் சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டு வந்து, தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு தரம் பார்க்கிறேன்.

என் 26ஆம் தேதிக் கடிதம் எங்கே கிடக்கிறதோ. மூன்று மாதம் தாமதித்து எழுதினேன், அதைக் கொண்டுபோகத் தண்டவாளமும் இல்லை. நீ உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. திட்டி எழுது.

அண்ணன்

---

தாண்டவன்வெளி
2025 டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உயிரோடு இருக்கிறேன், சுகமாகவும் இருக்கிறேன். நீங்கள் மருந்து குடிக்காமல் இருந்திருப்பீர்கள், நிலூஷாவிடம் சொல்லிக் குடியுங்கள். உங்கள் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. அதனால் முதலில் புயல் நாளைச் சொல்கிறேன். அன்று எனக்கு உங்கள் பதில் தெரியாது.

வியாழன் பின்னேரம் காற்று எழும்பியது. அடுத்த வீட்டு ஷிம்னா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், வாங்க எங்க வீட்ட, மாடி இருக்கு" என்று வாயசைத்துக் காட்டினாள். பின்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகவில்லை. தட்டத் தொடங்கிவிட்டது. மூன்று தட்டு, நிறுத்தம் எல்லாம் இல்லை, விடாமல் தட்டியது. மேசைக்குக் கீழே போய் இருந்தேன், ஐம்பத்தொன்பது வயதில். பிறகு நினைத்தேன், இந்த வயதில் எந்தக் கூரையைக் காப்பாற்றப்போகிறேன் என்று. எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன்.

கதவு என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுத் திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை. மழையும் வாவியும்தான். "உள்ளே வா" என்றேன். ஒரு மூச்சு விடும் நேரம் காற்று அப்படியே நின்றது. என் இடுப்பளவு உயரத்தில், ஈரமாக, ஏதோ என்னை உரசிக்கொண்டு உள்ளே போனது. நாய் இல்லை அண்ணா. எனக்குத் தெரியும். பிறகு காற்று மறுபடி வந்து ஓட்டில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. விடிந்தபோது ஷிம்னாவின் ஆட்கள் வந்து என்னைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு தட்டுச் சத்தம் இல்லை. எனக்கு இப்போது உலகத்தில் ஒரு சத்தமும் கேட்பதில்லை.

உங்கள் "ஓம்" என்ற சொல்லை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. உங்களைக் குற்றவாளியாக்கக் கேட்கவில்லை. ஏன் கேட்டேன் என்று இப்போது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் மனிசி இல்லை.

எனக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அவள் தட்டத் தொடங்கியதும் அம்மா தன் கையால் என் வாயைப் பொத்தினார். நான் கத்தினால் நீங்கள் திறந்துவிடுவீர்கள், திறந்தால் எல்லோரும் போவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்தக் கையைக் கடித்தேன். இரத்தம் வரக் கடித்தேன். அம்மாவின் உள்ளங்கையில் இருந்த தழும்பு, அவர் சொன்னதுபோலத் தகரம் வெட்டியதில்லை அண்ணா, என் பல்.

வலி தாங்காமல் அம்மா கையை எடுத்துவிட்டார். வெளியே அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். என் வாயை ஒருவரும் பொத்தியிருக்கவில்லை. நீங்கள் நாலு அடி தூரத்தில் நின்றீர்கள். நான் கத்தவில்லை.

உங்களுக்குக் கேட்டிருக்காவிட்டால், என் ஒரு சத்தத்தில் நீங்கள் திறந்திருப்பீர்கள், அவளைக் கொன்றது நான் மட்டும்தான் என்று நாற்பத்தேழு வருடம் நினைத்தேன். உங்களுக்கும் கேட்டது என்று வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன். நீங்கள் எனக்கு அண்ணாதான். எப்போதும்.

பெட்டி கட்டிவிட்டேன். ரயில் ஓடத் தொடங்கியதும் முதல் ரயிலில் வருகிறேன், கோட்டையில் வந்து நில்லுங்கள். தனியாக வருவதாக நினைக்க வேண்டாம். ஒரு கட்டில் போதும், தலையணை இரண்டு போடச் சொல்லுங்கள். ஒன்று சின்னதாக இருக்கட்டும்.

அன்புத் தங்கை
யூஜினா